கொடிக்கால் வாலாட்டியின் மூலை

காலையில் பூங்கா வாசலில் கால் வைத்ததுமே சருகு எரிகிற வாடை. எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. தென்மூலைக்கு ஓடினேன். துப்புரவுக்குப் புதிதாக வந்த பெண் பாதிச் சருகைக் கூட்டித் தீ வைத்துவிட்டாள். கூடையைப் பிடுங்கினேன். "மேஸ்திரி பாத்தாகன்னா என்னையத்தான் வைவாகம்மா" என்றாள். "அவுகள எங்கிட்ட வந்து பேசச் சொல்லு" என்று கத்தினேன். நடக்க வந்தவர்களெல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும். என்னை இப்படிப் பைத்தியக்காரியாக நிறுத்திவிட்டுப் போனவள் நீ.

சர்க்கரைக்காக நடக்க வந்த இரண்டு பேர்தானே நாம்? நீ ஆஸ்பத்திரி நர்ஸ், நான் பள்ளிக்கூடத்துக் கிளார்க். ஒரு ஐப்பசியில், இதே தென்மூலை வாகை மரத்தடிச் சருகில் ஒரு குருவி நடந்துகொண்டிருந்தது. சாதாரண வாலாட்டி என்றேன். "நல்லாப் பாருடி. மத்ததெல்லாம் வால மேலயும் கீழயும் ஆட்டும். இது பக்கவாட்டுல ஆட்டுது" என்றாய். நெஞ்சில் இரண்டு கறுப்புப் பட்டை. நூலகத்துப் புத்தகத்தில் பெயரைப் பார்த்துவிட்டு வந்து குதித்தாய். கொடிக்கால் வாலாட்டி. சின்னமனூரில் உன் அப்பாவின் வெற்றிலைக் கொடிக்காலில் நீ சின்ன வயதில் பார்த்த அதே குருவி. "சீனாப் பக்கமிருந்து வருதாம்டி. நமக்கு ஆண்டிபட்டி போக பஸ்ல எடங்கெடைக்கல" என்று சிரித்தாய். மூன்று வருடம் அதே மூலைக்கு வந்தது.

2005 சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கு அக்கா வீட்டுக்குப் போனாய். அந்த வாரம்தான் நான் அந்தப் புத்திசாலி வேலையைச் செய்தேன். விருந்தாளி வருமுன் வீட்டைப் பெருக்கி வைக்க வேண்டும் என்று வளர்ந்தவள் நான். "அரிய பறவை வரும் இடம், சுத்தம் செய்து தரவும்" என்று நகராட்சியில் மனுக் கொடுத்தேன். என் ஆயுசில் எந்த மனுவுக்கும் அவ்வளவு சீக்கிரம் வேலை நடந்ததில்லை. பாவிகள்! சருகை அள்ளி, புதரை வெட்டி, சிமெண்ட் கல் பதித்து, பறவைகள் மூலை என்று பலகையும் நட்டார்கள். பெருமையாக உன்னைக் கூட்டிவந்து காட்டினேன். "சருகப் பெரட்டித்தானடி அது பூச்சி திங்கும். தெனமும் பாத்தமே" என்றாய்.

அந்த ஐப்பசியில் குருவி வந்தது. கல்மேல் நின்று இரண்டு முறை வாலை ஆட்டியது. பறந்துவிட்டது. அப்புறம் வரவேயில்லை. நான் அழுதேன். "விடு ஆத்தா, நல்லதுக்குத்தான செஞ்ச" என்றாய். ஏன்டி என்னை வையவில்லை? வாய்க்கு வந்தபடி வைதிருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும். சிறுநீரகம் கெட்டதையும் இப்படித்தான் மூடி வைத்தாய். கேட்டால், நான் வருத்தப்படக் கூடாதாம். உன் நல்ல குணத்தை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நீ செத்துப்போன மறுமாதமே கடப்பாரையோடு போய் அந்தக் கல்லையெல்லாம் பெயர்த்தேன். அபராதம் போடுவோம் என்றார்கள். போடுங்கள் என்றேன். இரண்டு வருடமாக அங்கே ஒரு இலையைக்கூட யாரையும் தொடவிடவில்லை. இன்று தீயை மிதித்தே அணைத்தேன். செருப்பு கருகிவிட்டது.

இவ்வளவு ஆங்காரம் எதற்கு என்று கேட்பாய். போன செவ்வாய்க்கிழமை வந்துவிட்டதடி. பக்கவாட்டில் ஆடுகிற அதே வால். "நல்லாப் பாருடி" என்று உன் பக்கம் திரும்பிச் சொன்னேன். பெஞ்சு காலியாக இருந்தது. அது போனதை என்கூட நின்று பார்த்தவள், வந்ததைப் பார்க்க இருந்திருக்க வேண்டாமா?