நாலாவது எண்

அன்புள்ள மாப்ளே,

உன் அக்காவின் கார் ஷெட் சுவரில், சத்தம் வெளியே போகாமலிருக்க நாம் ஆணியடித்த பழைய மெத்தைகள் அப்படியே இருக்கின்றன. நம் ஹெவி மெட்டல் பாட்டுச் சத்தம் தாங்காமல், “பாடுறீங்களா, வீட்டை இடிக்கிறீங்களாடா?” என்று அக்கா இன்னும் கத்துகிறார்.

நாலு எண்ணிய பிறகுதான் பாட்டைத் தொடங்க வேண்டும்; நீ டிரம்ஸ் குச்சிகளைத் தட்டி மூன்று வரைதான் எண்ணுவாய், உடனே அடிக்க ஆரம்பித்துவிடுவாய், அவசரக்குடுக்கை! அன்று எல்லோர் முன்னாலும், “நாலு வரைக்கும் எண்ணத் தெரியாதாடா உனக்கு?” என்று கேட்டுவிட்டேன். குச்சிகளை வைத்துவிட்டுப் போனாய்.

புது டிரம்மர் நாலையும் ஒழுங்காக எண்ணினான். பேண்டில் மிச்சமிருக்கும் நாங்கள் மூவரும் ஒவ்வொரு முறையும் மூன்றிலேயே வாசிக்கப் பாய்ந்தோம். பாவம், திருதிருவென விழித்தான். நேற்று பெரிய கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டான்.

சனிக்கிழமை பெரிய மேடை. போஸ்டரில் முதன்முறையாக நம் பேண்டின் பெயர். டிரம்ஸ் ஸ்டூலை உன் உயரத்துக்கே இறக்கி வைத்திருக்கிறேன்.

எனக்குத்தான் மூன்றுக்கு மேல் எண்ண வரவில்லை, மாப்ளே.

உன் கிட்டார்காரன்