எரிப்பதற்கு விற்ற சட்டைகள்

என் அன்பு மனைவிக்கு,

நீயும் பெண்ணும் சுகந்தானே? உன் முழங்கால் வலி தேவலையா? நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

பெண் சுவரில் படம் ஒட்டிக் கும்பிடுகிறாளே, அந்தக் கால்பந்து வீரன் இந்த ஊர் அணியை விட்டு எதிர் அணிக்குத் தாவிவிட்டான். அவன் பெயர் போட்ட சட்டைகளைக் கடைவாசலில் தோரணமாகத் தொங்கவிட்டிருந்தேன். செய்தி வந்ததுமே கழற்றியிருக்க வேண்டும். வியாபாரப் புத்தி விடவில்லை. நேற்று ஒரு கும்பல் வந்துவிட்டது.

“துரோகி சட்டையை இன்னுமா விக்கிறே?” என்று ஒருவன் தீப்பெட்டியை ஆட்டினான்.

“எரிக்கத்தானே அண்ணே? பாதி விலைக்கு எடுத்துக்குங்க,” என்றேன்.

சிரித்துவிட்டார்கள். எல்லாவற்றையும் வாங்கி வாசலிலேயே கொளுத்தினார்கள். ஷட்டர் கறுத்துப்போனது, அவ்வளவுதான். அந்தக் காசைத்தான் இன்னும் எண்ணிப் பார்க்கவில்லை.

மாதக் கடைசியில் அவன் இந்த ஊர் அணிக்கு எதிராகவே ஆட வருகிறான். கோல் போட்டால் மறுபடி வருவார்கள்; விற்றுச் சமாளிக்க இனிச் சட்டை இல்லை. நான் படுப்பதும் கடைக்குள்தான், பின்வாசல் கிடையாது.

கண்ணாடி அலமாரிக்குத் திரை வேண்டும், நீ உடுத்திய பழைய புடவை ஒன்று அனுப்பு. போன் பண்ணினால் பேச ஒன்றுமில்லாவிட்டாலும் உடனே வைத்துவிடாதே.

அவன் அன்றைக்கு ஒரு கோல்கூடப் போடக் கூடாதென்று பெண்ணை வேண்டிக்கொள்ளச் சொல். ஏன் என்று அழுதால், அப்பாவின் வியாபாரத்துக்காக என்று சொல். அப்பாவுக்குப் பயம் என்று சொல்லிவிடாதே.

வெளியே சத்தம் கேட்கிறது, ஷட்டரை இறக்கப் போகிறேன்.

உன் வீட்டுக்காரன்