வேகம் குறைக்காத படகு

நேற்று பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் உனக்கு இரங்கல் கூட்டம். வாசலில் உன் படம் போட்ட பேனர். அடியில் ‘நேர்மையின் மறுபெயர்’ என்று அச்சடித்திருந்தார்கள். மை வாடைகூடப் போகவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் குலுங்குவதைப் பார்த்த உன் மைத்துனர், அழுகிறேன் என்று நினைத்துத் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

கிள்ளானில் நம் படகுக் கம்பெனியின் கண்காணிப்பு அறையில் நீ பொறுப்பாளர். நான் உனக்குக் கீழே. சுமத்ராவுக்குப் போய்வரும் விரைவுப் படகுகள் எங்கே, எந்த வேகத்தில் போகின்றன என்று திரையில் பார்த்துக்கொண்டிருப்பதுதான் நம் வேலை. அப்போது நீ நல்ல நண்பன், அதை மறுக்கவில்லை. மேருவில் என் வீட்டு வாசலிலிருந்து தினமும் என்னை உன் காரில் ஏற்றிக்கொள்வாய். வழி நெடுகப் பாடுவாய்.

அன்று மழை மூட்டம். மீனவர்கள் வலை போடும் பகுதிக்குள் நம் படகு முழு வேகத்தில் நுழைந்தது.

“டேய், ஸ்லோ பண்ணச் சொல்லுடா,” என்று கத்தினேன்.

“கேப்டன் நம்ம ஆளுலா. ஏற்கெனவே லேட்டு. அவன் பாத்துக்குவான்.”

ரேடியோ உன் கையருகில் இருந்தது. நீ தே தாரிக் உறிஞ்சிக்கொண்டிருந்தாய். நான் எட்டி எடுப்பதற்குள் கேப்டனே கூப்பிட்டுவிட்டான். சின்னப் படகு ஒன்றை இடித்துக் கவிழ்த்துவிட்டானாம். அதில் இருந்த சீன மீனவரின் உடல்கூடக் கிடைக்கவில்லை.

விசாரணையில், திரையில் பார்த்த வேகத்தை நான் சொன்னேன். நீ எழுந்து, “அந்த மெஷின் அடிக்கடி தப்பா காட்டும் சார்,” என்றாய். உன்னைத்தான் நம்பினார்கள். மறுநாள் காலை, தப்பாகக் காட்டும் அதே மெஷினைப் பார்த்து, படகு எப்போது வரும் என்று பயணிகளுக்கு நிமிடம் பிசகாமல் சொல்லிக்கொண்டிருந்தாய். வெட்கம் என்று ஒன்று உன் முகத்தில் தெரிகிறதா என்று பார்த்தேன். வெற்றிலை போட்டவன்போல் நிம்மதியாக இருந்தாய்.

என்னை டிக்கெட் கவுண்டருக்கு மாற்றினார்கள். உன் காரில் ஏறுவதை நிறுத்திக்கொண்டேன். “எனக்குக் குடும்பம் இருக்குலா, புரிஞ்சுக்கடா,” என்றாய். செத்தவர் என்ன சாமியாரா?

அவர் மனைவி அலுவலகத்துக்கு வந்தார். நாற்காலி இழுத்துப் போட்டு, “நசிப் லா, ஆன்டி,” என்றாய். விதியாம்! எந்த இடத்தில் என்று மட்டும்தான் அவர் கேட்டார். நீ வாயைத் திறக்கவில்லை. மெஷின் காட்டிய இடத்தைச் சொன்னால் மெஷின் சரி என்று ஆகிவிடுமே. கணவன் போன இடத்தைக்கூட ஒரு பெண்ணுக்குச் சொல்லத் துணியாதவனுக்கு நேற்று எத்தனை மாலைகள்!

நான்தான் வாடகைப் படகில் அவரை அந்த இடத்துக்கு அழைத்துப்போனேன். இன்றும் வருடத்துக்கு ஒருமுறை போகிறோம். குறியோ கொடியோ இல்லாத வெறும் தண்ணீர்தான். ஆனாலும் அன்று திரையில் பார்த்த நினைவில் கையை நீட்டிப் படகோட்டிக்கு வழி காட்டிவிடுவேன். அவர் ஃபிளாஸ்கிலிருந்து காப்பியைக் கடலில் ஊற்றுவார்.

அடுத்த வாரமும் போகிறோம். நீ போய்ச்சேர்ந்த செய்தியை அவரிடம் சொல்லப்போவதில்லை. இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட அவர் உன்னைப் பற்றி விசாரித்ததில்லை.