பதினெட்டுப் பேர் பஸ்

12-3-44, ஞாயிறு
நல்ல வெயில். பெட்ரோல் பஞ்சத்தில் கரி போட்டு ஓட்டும் பஸ்ஸில் திருச்சுழி போய் வந்தேன். மீனாட்சி பிறந்த வீட்டில் சுகம். மாதம் நிறைந்துவிட்டது. கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து முதல் பிள்ளை. அவளைவிட எனக்குத்தான் பயம்.

பஸ்ஸுக்கு அனுமதி பதினெட்டுப் பேர். எண்ணினேன்: முப்பத்தொன்று, கோழி இரண்டு. போலீஸ் சாவடிக்கு ஒரு பர்லாங் முன்னால் கண்டக்டர் முத்தையா, "நிக்கிற ஆளுகல்லாம் இறங்குங்க! நடந்து போயி அந்தப் பக்கம் ஏறிக்கங்க!" பதின்மூன்று பேரும் ஊர்ச்சோலியாகப் போகிறவர்கள் மாதிரி சாவடியைக் கடந்தார்கள். வளைவு தாண்டி பஸ் காத்திருந்தது. கணக்கு வாத்தியார் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதா?

13, திங்கள்
தமுக்கு அடித்தார்கள். அதிக ஆள் ஏற்றும் பஸ்ஸைப் பற்றித் துப்புக் கொடுத்தால் இனாம். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே சாவடி. எழுதிக் கொடுத்தேன்.
ஏட்டையா: "கோழியவும் எழுதியிருக்கீகளே சார்!"
என் எண்ணிக்கை ஒருநாளும் தப்பாது என்றேன். பெருமையாகத்தான் இருந்தது.
வாங்க: புளி, சவரக்கத்தி, மீ.க்கு மலைவாழைப்பழம்.

17, வெள்ளி
பஸ்ஸுக்கு அபராதமாம். காபிக் கிளப்பில் இதே பேச்சு. "எந்தப் புண்ணியவானோ எழுதிப் போட்டுட்டான்லே!" காபியை மெதுவாகக் குடித்தேன். புளி மறந்துவிட்டது.

18, சனி
காலையில் திருச்சுழி வண்டிக்காரர் சேதி கொண்டுவந்தார். மீ.க்கு வலி கண்டிருக்கிறது. பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன். பஸ்ஸில் சரியாகப் பதினெட்டு ஆள். முத்தையா வாசலில் கையைக் குறுக்கே வைத்தார்.
"ஏத்த மாட்டேன் சார். எவனோ பாவி எழுதிப்புட்டான். அபராதத்த மொதலாளி என் சம்பளத்துல பிடிச்சுட்டாக."
சுருக்கென்றது. அடுத்த பஸ் சாயங்காலம்தான். சேதியைச் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, நடுரோட்டில்.
கையை எடுத்தார். "ஏறுங்க. சாவடிக்கு முன்னால இறங்கி நடந்துரணும்."

இறங்கினேன். தலையைக் குனிந்து நடந்தேன். சாவடியில் பஸ் நிற்கிறது. ஏட்டையா ரோடு முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டார்: "கணக்கு சார்! பஸ்ஸைப் பிடிச்சுக் குடுத்ததுக்கு இனாம் வந்திருக்கு, வாங்கிட்டுப் போங்க!"
இரண்டு ரூபாய். ஜன்னல் பூராவும் முகங்கள். பஸ் கிளம்பிப் போய்விட்டது. தொலைந்தேன்.

வளைவு திரும்பினால், நிற்கிறது! ரூபாயை நீட்டினேன். "இது உங்களுக்குச் சேரவேண்டியது." முத்தையா வாங்கி மடியில் செருகிக்கொண்டார். "ஏறுங்க சார், பிள்ள காத்திருக்கும்." பஸ் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன்.

பெண் குழந்தை! என் மூக்கு. மீ. சுகம். விரல்களை எண்ணினேன், கையில் பத்து, காலில் பத்து. இன்னொரு தடவை எண்ணினேன். இத்தனை சந்தோஷம் எனக்குத் தாங்கவில்லை.

20, திங்கள்
மழை வரும் போல இருந்தது, வரவில்லை. முதல் பஸ்ஸில் ஊருக்கு. சீனி எங்கும் இல்லை, எல்லோருக்கும் கருப்பட்டி மிட்டாய். முத்தையாவுக்கு இரண்டு கை நிறைய. என்னையும் சேர்த்து இருபத்தாறு பேர். சாவடி நெருங்கியதும் அவர் வாயைத் திறக்கும் முன்பே இறங்கினேன். என் பின்னால் ஏழு பேர்.
ஏட்டையா வாசலில் நின்றார். "சார், இன்னைக்கு பஸ்ஸுல எத்தன பேரு?"
"பதினெட்டு" என்றேன். எண்ணிக்கை சரிதான்.