நீலம் போகக் கழுவிய மாவு

திருத்தங்கல்
1966, ஆனி மாதம்

அன்பு மகன் சோலைமலைக்கு, உன் அய்யா பெத்தணன் எழுதிக்கொள்வது. நீயும் மருமகள் அய்யம்மாளும் பேரனும் அங்கே நோய்நொடி இல்லாமல் இருக்க நம் அய்யனார் துணை. இங்கும் எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் நடுவில் ஒரு வாரம் சுகமில்லாமல் கிடந்து இப்போதுதான் தேறியிருக்கிறோம். பதறாதே, உயிருக்கு ஒன்றுமில்லை, அதை விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். பிலாய் இரும்பாலையில் வெயில் போதாதென்று உலைச்சூடு வேறு என்று எழுதியிருந்தாய். மோர் கிடைத்தால் குடி, டீயைக் குறை.

உன் கடிதம் வந்த அன்று நான் விருதுநகரில் மண்டியில் மிளகாய் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். வழக்கம்போல் சனிக்கிழமைதான் வீட்டுக்கு வந்தேன். அதற்குள் உன் அம்மா தங்கச்சி இருளம்மாளை உட்காரவைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டாள். நாட்டில் ஜனம் பெருத்துவிட்டது, வாய் அதிகம், தானியம் குறைவு, அதனால் தங்கச்சியை அஞ்சாம் வகுப்போடு நிறுத்தி, மழை பெய்து நிலைமை சீராகும்வரை ஒரு வருஷம் தீப்பெட்டிக் கம்பெனிக்கு அனுப்புங்கள் என்று நீ எழுதியிருந்தாய். அம்மாவுக்கும் அந்த எண்ணம் முன்னமே உண்டு. பெரியவனே சொல்லிட்டான், இனி என்ன யோசனை என்று அவள் ஒரு பக்கம். பக்கத்து வீட்டு மாரித்தாய் மகளும் ஒரு வருஷம் என்றுதான் போனாள், இப்போது அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், பள்ளிக்கூடத்துக்குத் திரும்பவே இல்லை என்று நான் ஒரு பக்கம். பள்ளிக்கூடம் திறக்கிற வரைக்கும் எங்களுக்குள் இதே பேச்சுதான்.

நீ எழுதியது முழுக்கத் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். ரெண்டு வருஷமாய் மழை இல்லை. நாம் முன்பு கூலிக்கு நட்டு அறுத்த ஆனைக்குட்டம் பக்கமெல்லாம் வெடித்துக் கிடக்கிறது, ஆடு மேயக்கூட ஒன்றுமில்லை. ரேஷனில் அமெரிக்காக் கோதுமை போடுகிறார்கள். அதை என்ன செய்வதென்று இங்கே யாருக்குத் தெரியும்? அரிசி மாதிரி வேகவைத்துத் தின்றுவிட்டு ஊரே தாடை வலி என்று உட்கார்ந்திருக்கிறது. ஒரு பிள்ளை போதும் என்று நீங்கள் ரெண்டு பேரும் முடிவு செய்ததிலும் எனக்குக் கோபம் இல்லை. அம்மாதான் கொஞ்சம் அழுதாள், பிறகு விட்டுவிட்டாள். ஆனால் மண்டியில் துவரையும் உளுந்தும் கூரைதொட அடுக்கியிருப்பதை நான் பார்க்கிறேன், அடுக்குவதே நான்தான். விலை ஏறட்டும் என்று அது உள்ளே கிடக்கிறது, வெளியே ரோட்டில் ஜனம் ரேஷனுக்கு வரிசையில் நிற்கிறது. அதனால் தானியம் குறைவு என்று நீ எழுதியதைப் படித்ததும் எனக்குச் சட்டென்று ஆமாம் போட வரவில்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன். அம்மா வீட்டில் தீப்பெட்டி ஒட்டுகிறாள் அல்லவா, பசை காய்ச்சக் கம்பெனியே மாவு கொடுத்துவிடும். இந்தப் பஞ்சத்தில் எல்லா வீட்டிலும் அதில் ஒரு பிடியைப் பிள்ளைகளுக்குக் கூழ் காய்ச்ச எடுத்துவைத்துக்கொண்டு பசையில் தண்ணீரைக் கூட்டினார்கள். பெட்டி வாய் பிளந்துகொண்டு போயிருக்கிறது. உடனே கம்பெனி மாவில் மயில்துத்தத்தைப் பொடித்துக் கலந்து அனுப்ப ஆரம்பித்தது. தண்ணீர் பட்டால் நீலமாகிவிடும், விஷம். கரப்பானுக்காகத்தான் என்று ஏஜென்ட் கோட்டைச்சாமி சொல்லிக்கொண்டான். எந்தக் கரப்பானுக்கு என்று எல்லோருக்கும் தெரியும்.

அந்த வாரம் ரேஷன் கடையில் கோதுமையும் வரவில்லை. பஞ்ச காலத்தில் காட்டுக்கிழங்கைத் தண்ணீர் மாற்றி மாற்றி வேகவைத்துக் கசப்பை எடுப்பது நம் பெண்டுகளின் வழக்கம். உன் அம்மா அதே புத்தியில் மாவைக் கரைத்து, தெளியவைத்து, நீலத்தண்ணீரைக் கொட்டி, மறுபடி கரைத்து, மாவு வெள்ளையாகிறவரை கழுவியிருக்கிறாள். நிறம் போனால் விஷமும் போயிற்று என்று நினைத்துவிட்டாள். அதில் தோசை ஊற்றி முதலில் இருளம்மாளுக்குத்தான் வைத்திருக்கிறாள். அது ஒரு வாய் வைத்ததுமே தனக்கு இளைய சின்னதுகள் ரெண்டையும் பார்த்து, திங்காதீகலே, செம்பை நக்குன மாதிரி இருக்கு என்று சொல்லித் தடுத்துவிட்டது. ஆனால் அம்மா மனசு நோகும் என்று தன் தட்டில் இருந்ததை மட்டும் தின்று முடித்திருக்கிறது. பிறகு வாந்தி, பச்சை பச்சையாய். மாரித்தாய்தான் மாட்டுவண்டி பிடித்து சிவகாசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். நான் செய்தி கேட்டு ஓடிப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை கண்ணைத் திறக்கவில்லை. உன் அம்மா சுவரோரம் உட்கார்ந்து தன் விரல் நகங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நகக்கண்ணில் நீலம் ஒட்டியிருந்தது. என் வாழ்நாளில் நான் அப்படி அழுததில்லை மகனே. மறுநாள்தான் பிள்ளை கண் விழித்தது.

வீடு திரும்பியதும் தெருப் பெண்டுகள் எல்லோரும் சேர்ந்து கோட்டைச்சாமியிடம் போனார்கள். மயில்துத்தத்தை நிறுத்து, இல்லை கூலியில் பாதியைத் தானியமாய்க் கொடு என்று கேட்டார்கள். அவன் சத்தமெல்லாம் போடவில்லை. பிடிக்கலேன்னா வச்சிட்டுப் போங்க தாயி, அங்கன நூறு வீட்டுல கையை நீட்டிக்கிட்டு நிக்காக, இந்த நாட்டுல ஆளுக்கா பஞ்சம் என்று சிரித்திருக்கிறான். அதைக் கேட்டதும் எனக்கு உன் கடிதம் ஞாபகம் வந்தது. ஜனம் அதிகம் என்று நீ கவலையில் எழுதினாய், அவன் தெம்பில் சொல்கிறான். ஆனால் ரெண்டு பேர் பேச்சும் ஒரே இடத்தில்தான் வந்து முடிகிறது. இருளம்மாள் கம்பெனிக்குப் போகவேண்டும் என்ற இடத்தில். அது எனக்குப் பயமாக இருந்தது. இப்போதும் நீல மாவுதான் வருகிறது, தெருவில் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று உன் அம்மாவே பிள்ளைக்குத் தலை வாரி, கையைப் பிடித்து அழைத்துப்போய் ஆறாம் வகுப்பில் சேர்த்தாள். அங்கிருந்து நேரே கம்பெனிக்குப் போய், மகளுக்குப் பதிலாக நான் வாரேன் என்று தீக்குச்சி அடுக்கும் வேலை கேட்டிருக்கிறாள். இந்தக் கை குச்சிக்கு ஆகாது, சின்ன விரலா அனுப்புங்க என்றானாம் கோட்டைச்சாமி. கொடுக்கிறவரை வாசலை விட்டு நகராமல் நின்று வாங்கிவிட்டாள். கை ஓடவில்லைதான். பக்கத்தில் இருக்கிற பிள்ளைகள், நம் இருளம்மாளை விடச் சின்னதுகள், இங்கன தாங்க அத்தை என்று அவள் பங்கை வாங்கி அடுக்கிக் கொடுக்கிறதுகளாம். அதைச் சொல்லிவிட்டு அன்றைக்கு அவள் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். எம்மகளைக் காப்பாத்திட்டேன், இதுகளை யாரு என்று கேட்டாள். உன் ஆலையில் படித்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள், இதற்கு யாராவது பதில் சொன்னால் எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள், உலைப் பக்கம் பூட்ஸ் இல்லாமல் நிற்காதே. பேரனுக்கு எங்கள் முத்தம், மருமகளுக்கு ஆசி. உங்கள் தலைமுறை தழைத்து நிற்கவேண்டும். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. தூரத்தில் இருப்பவன், எங்கள் பசியை நினைத்துத்தான் அப்படி எழுதினாய்.

ஒன்று மட்டும் மறக்காதே. உன் போன கடிதத்தை அம்மாவுக்கு வாசித்தது இருளம்மாள். தன்னை நிறுத்தச் சொன்ன வரியை அது நினைத்திருந்தால் தாண்டிப் போயிருக்கலாம், அம்மாவுக்கு எழுத்தா தெரியும்? தாண்டவில்லை. அண்ணன் எழுதினது என்று ஒரு வார்த்தை விடாமல் நிதானமாக வாசித்து முடித்து, மடித்துக் கொடுத்திருக்கிறது. அதனால் அடுத்த கடிதத்தை எனக்கு எழுதாதே. பெ. இருளம்மாள், ஆறாம் வகுப்பு என்று முகவரி போட்டு அவளுக்கே எழுது. அதையும் அவள்தான் அம்மாவுக்கு வாசிப்பாள்.

இப்படிக்கு,
உன் அய்யா
பெத்தணன்