அப்பா செய்த கண்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். உன் கப்பல் அடுத்த துறைமுகத்துக்கு வரும்போது இது உன் கைக்குக் கிடைத்துவிடும் என்று உங்கள் கம்பெனி ஆபீஸில் சொன்னார்கள். நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, உடம்பை ஒழுங்காக வைத்திருப்பதாக நானே நினைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். போனில் பேசலாம்தான். ஆனால் நீ கூப்பிட்டாலே உன் அப்பா ஓடிவந்து ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார். அவரைப் பற்றி அவரையே வைத்துக்கொண்டு நான் என்னத்தைப் பேசுவது?

இங்கே தண்ணீர் மோட்டார் மறுபடி படுத்துவிட்டது. என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. அதைக் கேட்க இந்த வீட்டில் நாதியில்லை, நீயாவது கேட்பாய் என்று எழுதிவைக்கிறேன். மாடி வீட்டு டீச்சர் உன்னை விசாரித்தாள். நீ இளைத்துவிட்டாயாம், போட்டோவில் பார்த்தாளாம். அவள் கண்ணாடியை மாற்ற வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் அப்பாவின் தொழில் உனக்குத் தெரியும். கண்ணை இழந்து வருகிறவர்களுக்கு அளவெடுத்து, அச்சில் வார்த்து, வர்ணம் தீட்டி, சிவப்புப் பட்டு நூலைப் பிரித்துப் பிரித்து நரம்பு ஒட்டி, இன்னொரு கண் செய்து கொடுக்கிற மனுஷர். வருகிறவர்களிடமெல்லாம் "இது போதும்மா, யாருக்கும் தெரியாது" என்று தேன் ஒழுகப் பேசுவார். பெற்ற மகள் விஷயத்தில் மட்டும் போதும் என்ற வார்த்தை அவர் வாயில் வராது. பள்ளிக்கூடத்தில் பந்து பட்டு அவளுக்கு இடது கண் போனதிலிருந்து எத்தனை கண் செய்துவிட்டார்! ஒன்றில் வெள்ளை கொஞ்சம் மஞ்சள் அடிக்கிறதாம். ஒன்றில் நரம்பு தடிமனாம். எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தன. அப்படிச் சொன்னதற்கு ஒரு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

நீ கப்பல் ஏறிய பிறகு இது இன்னும் முற்றிவிட்டது. நம் கண்ணின் நடுவே இருக்கிற கறுப்பு வட்டம் வெயிலில் சுருங்கும், இருட்டில் விரியும் அல்லவா? செய்த கண்ணில் அது எப்படிச் சுருங்கும்? வரைந்தது வரைந்ததுதான். அதற்கு இவர் என்ன செய்தார் தெரியுமா? காலைக்கு ஒன்று, மத்தியானத்துக்கு ஒன்று, சாயங்காலத்துக்கு ஒன்று என்று மூன்று கண் செய்து டப்பாவில் போட்டுக் கொடுத்தார். உன் தங்கை மருந்துக்கடை வேலைக்கு அந்த டப்பாவோடு போனாள். மத்தியானம் கடையின் பின்பக்கம் போய்க் கண்ணை மாற்றிக்கொண்டு வந்தாள். ஒரு நாள் மாற்ற மறந்து காலைக் கண்ணோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். இவர் வாசலிலேயே நிறுத்தி, "யாராவது பார்த்தாங்களா?" என்று கேட்டார். ஏதோ அவள் திருடிக்கொண்டு வந்த மாதிரி! எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

இப்போது சிரிப்பெல்லாம் போய்விட்டது, கண்ணா. அடுத்த மாதம் இவர் தொழில்காரர்கள் கூட்டம் ஒன்று நடக்கிறது. பல ஊரிலிருந்தும் வருகிறார்களாம். அங்கே உன் தங்கையை நடுவில் நிற்கவைத்து, எது என் கைவேலை என்று கண்டுபிடியுங்கள் பார்க்கலாம் என்று கேட்கப் போகிறாராம். அந்த மண்டபத்தில் வெளிச்சம் எப்படி இருக்குமோ என்று இவருக்குக் கவலை. செய்த கண்ணை விரியவைக்க முடியாது, அதனால் நல்ல கண்ணை விரியாமல் நிறுத்திவிடலாம் என்று முடிவு செய்துவிட்டார். கறுப்பு வட்டத்தைச் சுருக்கி வைக்கிற சொட்டு மருந்து ஒன்று இருக்கிறதாம். காலையிலும் மாலையிலும் அவளுடைய வலது கண்ணில் விடுகிறார். அவளுக்கு இருக்கிற ஒரே கண்ணில்!

நான் சும்மா இருப்பேனா? வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். "கடவுள் அவசரத்துல பண்ணினதை நான் நிதானமா சரி பண்றேன், நீ உள்ளே போ" என்றார். பாட்டிலை எடுத்துத் தொட்டியில் கவிழ்த்தேன். மறுநாள் இன்னொரு பாட்டில் வந்துவிட்டது. வாங்கிவந்தது யார் என்று நினைக்கிறாய்? உன் தங்கையேதான், தான் வேலை செய்கிற கடையிலிருந்து. மருந்து விட்டால் அவளுக்குப் புருவம் விண்விண் என்று தெறிக்கிறது, சாயங்காலமானால் மங்கலாகத் தெரிகிறது. போன வாரம் மருந்துச் சீட்டைத் தப்பாகப் படித்து யாருக்கோ வேறு மருந்தை எடுத்து நீட்டிவிட்டாள். நல்ல வேளை, கடைக்காரர் பார்த்துப் பிடுங்கி வைத்தார். கொஞ்ச நாள் லீவில் இரு என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஏன்டி இப்படிச் செய்கிறாய் என்று அவளைப் பிடித்து உலுக்கினேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அப்பா என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எங்கேயோ தப்பு இருக்கிற மாதிரியே பார்ப்பாரும்மா. ஒரே ஒரு நாள் தப்பில்லாம பார்க்கட்டுமே."

நான் சொன்னால் இந்த வீட்டில் எடுபடாது. நீ மூத்த பிள்ளை, சம்பாதிக்கிறவன், நீ சொன்னால் கேட்பார். கடிதம் கிடைத்த உடனே கூப்பிடு. நயமாகச் சொல்லாதே, கத்து. உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது. நன்றாக இரு.

உன் அம்மா

*

அன்புள்ள பெரியவனுக்கு,

முதல் கடிதம் உனக்குக் கிடைத்ததா, அல்லது வேறு துறைமுகத்தில் கிடக்கிறதா, தெரியவில்லை. புயலால் கப்பல் பாதை மாறிவிட்டது, பத்திரமாகத்தான் இருக்கிறார்கள் என்று ஆபீஸில் சொன்னார்கள். பத்திரம் என்ற ஒரு வார்த்தையைக் கேட்டதே எனக்குப் போதும்.

கூட்டம் முடிந்துவிட்டது. நானும் போயிருந்தேன். உன் தங்கை நீல உடுப்பில் அவ்வளவு அழகாக இருந்தாள். அவளை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, வந்திருந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார் உன் அப்பா. அவர்கள் குனிந்து பார்த்தார்கள், டார்ச் அடித்துப் பார்த்தார்கள், மேலே பார், கீழே பார் என்றார்கள். இடது கண்ணில் உன் அப்பா ஒட்டிய நரம்பு ஓடுகிறது, ஈரம் மின்னுகிறது. வலது கண் மருந்தில் குண்டூசி முனை மாதிரி சுருங்கி, டார்ச் அடித்தும் அசையாமல் கிடக்கிறது. கடைசியில் எல்லாரும் செய்த கண் இதுதான் என்று வலது கண்ணைத்தான் காட்டினார்கள். தலை நரைத்த ஒருவர், "வேலை சுத்தம்தான், ஆனா இதுல உயிர் இல்லை, அதான் காட்டிக் கொடுத்துடுச்சு" என்றார்.

மண்டபமே கை தட்டியது. உன் அப்பா குழந்தை மாதிரி சிரித்தார். எங்கள் கல்யாணத்தில்கூட அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. என் பெண்ணின் உயிருள்ள கண்ணைப் பார்த்து உயிர் இல்லை என்கிறார்கள், அதற்கு இவர் சிரிக்கிறார்! உன் தங்கையும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அவர் அவள் கன்னத்தைத் தட்டி, "இப்பதான் சரியா இருக்கே" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். நாலைந்து நாளாகவே நல்ல கண்ணின் ஓரத்தில் பளிச் பளிச் என்று வெட்டுகிறதாம். அப்பாவிடம் சொன்னாளாம். கூட்டம் முடியட்டும், டாக்டரிடம் போகலாம் என்றாராம். இப்போது கீழேயிருந்து கறுப்பாக ஏதோ ஏறிவருகிறது என்றாள். பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, ஆட்டோ பிடித்து, மூன்று பேரும் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

கண்ணுக்குள்ளே இருக்கிற விழித்திரை கிழிந்து கழன்றுவிட்டது என்றார் கண் டாக்டர். என்ன மருந்து விட்டீர்கள் என்று கேட்டார். நான்தான் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அந்த மருந்தே திரையை இழுத்துக் கிழிச்சிருக்கலாம். இருக்கிறது ஒரே கண்ணு. அதுலயா விளையாடுவீங்க?" என்றார். உன் அப்பா அப்போதும் என்ன கேட்டார் தெரியுமா? ஆபரேஷன் செய்தால் கண்ணின் நிறம் மாறுமா என்று! நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அங்கே நின்றிருந்தால் என்ன செய்திருப்பேனோ எனக்கே தெரியாது.

ஆபரேஷன் நடந்தது. போன வாரம் கட்டைப் பிரித்தார்கள். வெளிச்சம் தெரிகிறதா என்று டாக்டர் கேட்டதற்கு, "ஏதோ தெரியற மாதிரி இருக்கு" என்றாள். அவள் முகம் ஜன்னல் பக்கம் இல்லை, சுவர்ப் பக்கம் இருந்தது. பொறுத்துப் பார்ப்போம் என்கிறார் டாக்டர். பொறுக்கத்தான் வேண்டும், வேறென்ன இருக்கிறது என் கையில்?

உன் அப்பா பட்டறையைத் திறப்பதில்லை. அளவு கொடுத்தவர்கள் வந்து பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். அவர் இவள் எதிரே நாற்காலி போட்டு நாள் முழுக்க அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இவளானால், "அப்பா இருக்காராம்மா?" என்று என்னைக் கேட்கிறாள். அவர் வாயைத் திறந்து, "இருக்கேன்" என்றுகூடச் சொல்வதில்லை. திட்டலாம் என்று நெருங்கிப் போகிறேன், காப்பியை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறேன். யாரை நொந்து என்ன, சொல்.

லீவு இல்லை, கப்பலை விட்டு இறங்க முடியாது என்று எதையும் எழுதாதே. எப்படியாவது வந்து சேர். அவள் உன்னைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள். எந்தக் கடலில் இருந்தாலும் உனக்கு ஒரு ஆபத்தும் வராது, நான் வேண்டிக்கொண்டே இருக்கிறேன். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். நீ எப்போதும் செய்வது போல வாசலில் சத்தமில்லாமல் வந்து சிரித்துக்கொண்டு நிற்காதே. தெரு முனையிலிருந்தே ஏதாவது பேசிக்கொண்டு வா, என் தங்கமே.

உன் அம்மா