அப்பா ஜெயிக்கவிருந்த ஆட்டம்

2003 ஜூலை 8, செவ்வாய்

மத்தியானத்திலிருந்து வீட்டு ஃபோன் எங்கேஜ்டாகவே இருந்தது. அப்பா தனியாக இருக்கிறார். பக்கவாதம் வந்த இந்த எட்டு மாசமாக ஒரு சொல், இரண்டு சொல்லுக்கு மேல் பேச்சு வராது. பயந்துபோய், கழக்கூட்டத்து ஆபீஸில் பர்மிஷன் கேட்டு, ஆட்டோ பிடித்துப் பழவங்காடி வீட்டுக்கு ஓடி வந்தேன்.

அவரானால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, இடது கையால் மவுசைத் தள்ளித் தள்ளி, யாரோ ஒரு கனடாக்காரனோடு இன்டர்நெட்டில் வார்த்தை விளையாட்டு ஆடிக்கொண்டிருக்கிறார்! ஆத்திரத்தில், கம்ப்யூட்டருக்குப் போன டெலிஃபோன் வயரைப் பிடுங்கினேன்.

“ஜெயிக்கிற நேரத்துல கெடுத்துட்டியேடி, பாவி!” என்று கத்தினார்.

எட்டு மாசத்தில் அவர் முழுசாகச் சொன்ன முதல் வாக்கியம்.

வயர் இன்னும் தரையில்தான் கிடக்கிறது. எழுந்து போய்ச் சொருகிவிட்டுப் படுக்கணும்.